கொள்ளையர் படமும் காண்போர் கருத்தும்

வால்டர் ஹில் இயக்கிய ‘தி லாங் ரைடர்ஸ்’ (1980), அமெரிக்கக் கொள்ளையரான ஜேம்ஸ், யங்கர் சகோதரர்களின் கதை. அண்ணன் தம்பி வேடங்களில் உடன்பிறந்தோரே நடித்ததை மெச்சுவோர் உளர். கொலைகாரரைப் போற்றலாமா எனக் கேட்போரும் உளர். நெல்லையர்க்கு இவ்வழக்கு புதிதன்று. சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் ஊரின் பெயர் தாங்கி, நெப்போலியன் நடிப்பில் 1994இல் வந்த ‘சீவலப்பேரி பாண்டி’யும் இதே வினாவை எழுப்புவதே.

எக்கருத்து சரி? 1876இல் நார்த்பீல்டு வங்கியில் பெட்டகத்தைத் திறக்க மறுத்து, அக்கொள்ளையர் கையால் மாண்டவர் ஜோசப் லீ ஹேவுட் என்னும் ஊழியர். ஜெஸ்ஸி ஜேம்ஸை அறிந்த நம்மில் எத்தனை பேர் அவரை அறிவோம்? நாயகனுக்குக் கைதட்டுமுன், அவன் ஆயுதத்தின் எதிரே நின்றவரையும் எண்ணிப் பார்ப்பதே நல்ல சுவைஞனின் கடமையாகும்.