பாடத்துக்கு வராத மாணவர்

மதரஸாவிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு பிள்ளை நான்கு நாள் வரவில்லையென்றால் நாம் என்ன செய்கிறோம்? பதிவேட்டில் குறி போடுகிறோம். மாதக்கணக்கானால் பெயரை அடித்துவிடுகிறோம். வறிய தெருப் பிள்ளையாயிருந்தால், "அந்தத் தெருவே அப்படித்தான், அவனுக்கு ஓத்து ஏறாது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் இத்தகைய நிலையில் என்ன செய்தார்கள் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

இமாமவர்கள் கூபா நகரில் துணி வியாபாரம் செய்துகொண்டே பாடமும் நடத்தி வந்தார்கள். அந்த மஜ்லிஸில் யஃகூப் என்னும் இளைஞர் வந்து அமர்வார். ஹிஜ்ரி 113-ல் பிறந்தவர், பரம ஏழை. ஒருநாள் தகப்பனார் வந்து அவரை அழைத்துப் போய்விட்டார். அபூஹனீபாவுக்கு ரொட்டி தயாராயிருக்கிறது, அவருக்குச் சமமாக நீ காலை நீட்டாதே, நமக்கு வயிற்றுப்பாடு இருக்கிறது என்பது அவர் சொன்னதன் கருத்து. மகனும் கீழ்ப்படிந்து பாடத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். (தந்தை முன்பே இறந்துவிட்டார், தாயார்தான் பிள்ளையைச் சலவைக்காரரிடம் வேலைக்கு விட்டார் என்று மற்றோர் அறிவிப்பும் உண்டு. எதுவாயினும் வறுமைதான் காரணம்.)

இமாமவர்கள் அவர் வராததைக் கவனித்து விசாரித்தார்கள். அவர் திரும்பி வந்த அன்று காரணம் கேட்டார்கள். பிழைப்பும், தகப்பனாருக்குக் கீழ்ப்படிதலும் என்றார் மாணவர். பாடம் முடிந்து எல்லோரும் கலைந்துபோன பின்னரே ஒரு பணமுடிப்பை அவரிடம் நகர்த்தினார்கள். நூறு திர்ஹம் இருந்தது. பாடத்தை விடாதே, இது தீர்ந்தால் சொல் என்றார்கள். சொல்லத் தேவையே வரவில்லை. சிறிது காலத்தில் மற்றொரு நூறு வந்தது, பிறகும் வந்தது. யாரோ போய்ச் சொல்லிவைத்தாற்போல, கை வறளும் வேளையிலெல்லாம் வந்தது.

இவ்விடத்தில் சற்று நிதானிப்போம். எல்லோரும் போகும்வரை இமாமவர்கள் காத்திருந்தார்களே, அது ஏன்? மேடை போட்டு, மாலை அணிவித்து, பிள்ளையின் கையில் உறையைக் கொடுத்து நிழற்படம் எடுக்கும் நம் வழக்கம் நமக்குச் சரியாகப் படவில்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு மானம் பெரிது. அந்தப் படத்துக்கு அஞ்சியே உதவியை வேண்டாமென்ற பிள்ளைகள் உண்டு. இன்னொன்று: தகப்பனாரை எதிர்த்துக்கொண்டு வா என்று இமாமவர்கள் சொல்லவில்லை. அந்த வீட்டின் கணக்கு அவர்களுக்குப் புரிந்தது. மகன் பாடத்தில் அமர்ந்தால் வீட்டுக்கு எவ்வளவு நட்டமோ அதை ஈடுசெய்தார்கள்.

அந்த மாணவர்தான் இமாம் அபூயூசுப் (ரஹ்). அப்பாஸியக் கலீபாக்களின் காலத்தில் காஜியாகி, தலைமைக் காஜி என்ற பட்டத்தை முதன்முதலில் பெற்றவர்கள். கலீபா ஹாரூன் ரஷீத் கேட்டதன் பேரில் வரிவிதிப்பைப் பற்றி 'கிதாபுல் கராஜ்' எழுதினார்கள். வரி வசூலுக்காக எவரையும் அடிக்கக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். இல்லாதவன் வீட்டு நிலைமை அறிந்தவரல்லவா!

நம் காலத்துக்கு வருவோம். இந்தியாவில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை கல்வி இலவசம். அது பிள்ளையின் உரிமை. ஆனால் பதினான்கு தாண்டியதும்தான் பையனைக் கடைக்கோ பட்டறைக்கோ அனுப்பும் எண்ணம் வீட்டில் தலைதூக்குகிறது. அப்போது பள்ளிச் சம்பளம் இல்லையென்பது மட்டும் போதாது. அவன் கொண்டுவரும் வாரக்கூலிக்கு என்ன வழி என்று உம்மா கேட்பார். அது நியாயமான கேள்வி. "படித்தால் பெரிய ஆளாகலாம்" என்ற உபதேசம் அதற்குப் பதிலாகாது.

நம் உஸ்தாதுமார்களில் பலருக்கு அபூஹனீபா (ரஹ்) அவர்களைப் போல வியாபாரம் கிடையாது. அவர்கள் சம்பளமே அரைகுறை. ஆனால் எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்பதை முதலில் அறிபவர் அவர்தாம். ஆகவே ஜமாஅத்தில் வசதியுள்ளவர்கள் ஆண்டுக்கொரு தொகையை உஸ்தாதின் கையில், அல்லது பள்ளி ஆசிரியரின் கையில், கொடுத்து வைக்கலாம். யாருக்குக் கொடுத்தீர் என்று பெயர் கேட்க வேண்டாம். எத்தனை பிள்ளைகள் திரும்பி வந்தார்கள் என்று மட்டும் கேட்கட்டும். மஃரிபுக்குப் பின் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வருவது ஆசிரியரின் பங்கு. போகும்போது பதிவேட்டை எடுத்துச் செல்ல வேண்டாம்.