16 போதுமே, 17 எதற்கு?

என்னிடம் 2019 மாடல் ஸ்விஃப்ட் இருக்கிறது. 185/65 ஆர்15 டயர். 17 இன்ச் அலாய் வீலும் லோயரிங் ஸ்பிரிங்கும் போட்டால் வளைவுகளில் நன்றாகப் பிடித்து நிற்குமா?
— வாசகர், கோவை

நிற்கும். ஆனால் 17 வேண்டாம், 16 போடுங்கள். 195/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. உங்கள் பழைய டயருக்கும் அதேதான், ஸ்பீடோமீட்டர் சரியாகவே காட்டும். 17 என்றால் 205/45க்குப் போக வேண்டும். டயரின் பக்கவாட்டு உயரம் 120 மி.மீ.யிலிருந்து 92 ஆகிவிடும். மழைத்தண்ணீர் மூடிய குழி ஒன்று போதும். ரிம் விளிம்பு நசுங்கி, டயர் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொள்ளும். அதற்கு ஒட்டுப் போட முடியாது, டயரையே மாற்ற வேண்டும்.

ரிம்மில் 4 போல்ட், 100 மி.மீ. பி.சி.டி. (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை 54.1 மி.மீ. என்று பாருங்கள். துளை பெரிதானால் அளவான வளையம் வைத்து மாட்டச் சொல்லுங்கள், இல்லையேல் ஸ்டியரிங் உதறும். எடையையும் கேளுங்கள். கனமான ரிம் பிக்கப்பைத் தின்றுவிடும்.

ஸ்பிரிங்கில் 25 மி.மீ. இறக்கினால் போதும், தரை இடைவெளியே 163 மி.மீ.தானே, நம் வேகத்தடைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்துத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வண்டியை விடாதீர்கள். சக்கரம் தொங்கும்போது அது இடம் விட்டு நழுவக்கூடும், உயிர் போகிற விஷயம். ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தால் சேர்த்தே மாற்றி, கடைசியில் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

முதலில் நல்ல டயரை மட்டும் மாற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள். ஸ்பிரிங்குக்குத் தேவையே வராமல் போகலாம்.