சீட்டும் மெருகும்

ஒரு பொருள் முழுவதும் ஒளிருமாயின் அதன்கண் எவ்விடமும் தனித்துத் தோன்றாது. அடங்கிய பரப்பின் நடுவே ஒளிரும் சிறிய இடமே கண்ணை ஈர்க்கும். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டெழுந்ததே, முகவரிச் சீட்டுகளிலும் துண்டு விளம்பரங்களிலும் வேண்டிய இடத்தில் மட்டும் மெருகு பூசும் முறை. அச்சகத்தார் இதனை ‘ஸ்பாட் யு.வி.’ என வழங்குவர். இதன் இயல்பையும், இதனைக் கையாளவேண்டிய அளவையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் சீட்டு வழக்கம்போல் வண்ண மையால் அச்சிடப்பெறும். பின்னர் அதன்மேல் பளபளப்பற்ற மெல்லிய படலம் ஒட்டப்பெறும்; ‘மேட் லேமினேஷன்’ என்பது இதுவே. மெருகு வேண்டிய பெயரோ சின்னமோ தனியே கருநிறத்தில் வரையப்பட்டு, அவ்வடிவம் திரைவலையில் திறந்த கண்களாக அமைக்கப்பெறும். அக்கண்களின் வழியே பிசின் போன்றதொரு திரவம் சீட்டின்மேல் இறங்கும். இத்திரவம் காற்றில் உலர்வதன்று. புற ஊதாக் கதிர் பட்டவுடன் நொடிப்பொழுதில் இறுகிக் கண்ணாடி போலாகும். மெருகிட்ட இடம் தன்மேல் வீழும் ஒளியை ஒரு திசையே திருப்புதலால் மின்னுகிறது. ஏனைய இடம் அவ்வொளியைப் பல திசையினும் சிதறச் செய்தலால் அடங்கித் தோன்றுகிறது.

முறை புதிதெனினும் அதன் கருத்துப் பழையதே. புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உளது. அங்கே சமண முனிவர்க்கென அமைந்த 17 கற்படுக்கைகளைக் காண்கிறோம். உடல் சாயும் தளம் வழவழப்பாக இழைக்கப்பட்டுள்ளது. மேலே கவிந்த பாறையோ கரடுமுரடாகவே நிற்கிறது. அது பூச்சன்று, கல்லையே தேய்த்த மெருகு. ஆயினும், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே என்னும் அறிவு இரண்டிற்கும் பொதுவாம்.

இனி, தமிழ் எழுத்திற்கு இம்முறையால் நேரக்கூடிய இடர் ஒன்றுண்டு. சிலர் மையின்றி மெருகாலேயே பெயரைப் பொறிக்க விரும்புவர். எழுத்துச் சிறிதாயின், திரைவலையின் நுண்கண் அடைபட்டுப் புள்ளி வீழாது போகலாம். அவ்வாறாயின் ‘பல் மருத்துவர்’ என்பார் ‘பல மருத்துவர்’ ஆகிவிடுவார்! மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று விதித்தார் தொல்காப்பியர். ஆயினும் ஓலை கிழியுமென்றஞ்சி ஏடெழுதுவோர் புள்ளியிடாது விட்டனர். அதனாற் பிற்காலத்தார் பாடங் காண்பதிற் பட்ட தொல்லையைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். ஓலைக்கு வேறு வழியில்லை, நமக்கோ உண்டு. எழுத்தை மையால் தெளிவாக அச்சிட்டு, பெரிய எழுத்தாலாகிய பெயருக்கும் சின்னத்திற்கும் மட்டும் மெருகிடுதலே தக்கது.

வேறு சில விதிகளும் உள. மடிப்பின் மேல் மெருகு செல்லலாகாது. மடித்தவிடத்து அது வெடிக்கும். படலமோ வழவழப்போ இல்லாத சாதாரணத் தாள் அத்திரவத்தை உறிஞ்சிவிடுமாதலால் ஒளி குன்றும். மெருகின்மேல் பேனா மை பற்றாது. ஆதலால் நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கவேண்டிய சீட்டின் பின்புறத்தை வெறுந்தாளாகவே விடுதல் நன்று.

செலவையும் எண்ணுதல் வேண்டும். மெருகிற்கெனத் தனித் திரையும் தனி வேலையும் வேண்டுமாதலால் கூலி மிகும். சட்டைப்பையில் நெடுநாள் இருக்கும் முகவரிச் சீட்டிற்கு அச்செலவு தகும். கடைவீதியில் ஒருமுறை நோக்கி எறியப்படும் துண்டு விளம்பரத்திற்குப் பெரும்பாலும் தகாது. புதிதாகச் சிறு கடை தொடங்கும் நம் பழைய மாணவர், அப்பொருளைத் தெளிந்த எழுத்திற்கும் பிழையற்ற தமிழிற்கும் செலவிடுவாராயின் பயன் மிகும்.

ஒளி கண்ணை அழைக்கும். அழைக்கப்பட்ட கண்ணுக்கு விடைதர வேண்டியது சொல்லே. ஆதலின் முதற்கண் சொல்லைத் திருத்துவோம், அதன்பின் மெருகிடுவோமாக.