வேலியே பயிரை மேய்ந்தால்...

1976-இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியை அறியாதார் நம்மில் யார்? இராணுவ மருத்துவராயிருந்த அவரை 1948-இல் வீட்டுக்கு அனுப்பியது முடக்குவாதம். பின்னர் கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அவ்விரல்களைக் கோணச் செய்தவை அவருடைய வெள்ளணுக்களே!

வெள்ளணுக்களில் ஒருவகையான டி செல்கள், நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடலையே பகைப்பவை அங்கேயே அழிக்கப்படும். ஆயினும் சில தப்பிவிடும். முடக்குவாதத்தில் இத்தகையவை மூட்டின் உட்சவ்வில் குவிந்து மேக்ரோஃபேஜ் செல்களைத் தூண்ட, அவை டி.என்.எஃப். என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. பி செல்களோ உடலின் புரதங்களுக்கெதிராகவே எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. சவ்வு வீங்கிக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது.

என் அப்பத்தா களைக்கொத்துப் பிடிக்க முடியாமற் போனதும் இதனால்தான். 'வாயு' என்று சொல்லித் தைலம் தேய்த்தோம். பெரியாஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்னபோது விரல்கள் மடங்கிவிட்டிருந்தன.

தப்பிய டி செல்களை அடக்கும் காவல் டி செல்களும் உண்டென 1995-இல் காட்டியவர் ஜப்பானியரான ஷிமோன் சாகாகுச்சி. 2025-இல் வேறிருவருடன் நோபெல் பரிசு பெற்றார். டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்தை மைனியும் ஃபெல்ட்மனும் 1992-இல் லண்டனில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர், வீக்கம் வடிந்தது. அவ்வகை ஊசிகள் விலை மிகுந்தவை. வாரம் ஒருமுறை விழுங்கும் மீதோட்ரெக்சேட் மாத்திரையோ மலிவு. எலும்பு அரிபடுமுன் மருத்துவரிடம் சென்று அதைத் தொடங்கினால் பலருக்கு விரல் கோணுவதில்லை. காலையில் எழுந்து ஒரு மணி நேரமாகியும் விரல்கள் விறைத்தே இருப்பது முக்கியமான தொடக்க அடையாளம்.