தலைநகரில் ஒரு கோடைப் பகல்

கோடை விடுமுறையில் மைசூரு செல்லும் நம்மில் பலர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அரைமணி நேரமே ஒதுக்குகிறோம். காவிரி சூழ்ந்த இத்தீவு 1799 வரை மைசூர் அரசின் தலைநகரமாக இருந்தது. வெயில் ஏறுமுன் அரங்கநாதரைத் தரிசித்துவிட்டு, நண்பகலைத் தரியா தௌலத்துக்கு வைத்துக்கொள்வது நலம். 1784இல் திப்பு சுல்தான் பெரும்பாலும் தேக்கு மரத்தால் கட்டுவித்த கோடைக்கால மாளிகை அது.

அதன் மேற்குச் சுவரை நிதானமாகக் காண வேண்டும். அங்கே தீட்டப்பட்டிருப்பது நம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் (வரலாற்று நூல்களில் பொள்ளிலூர்) 1780இல் நடந்த போர். வெடிமருந்து வண்டி தீப்பற்ற, சதுரமாக அணிவகுத்த ஆங்கிலப் படை நிலைகுலைகிறது; நடுவே பல்லக்கில் கர்னல் பெய்லி. சிறைப்பட்ட அவர் 1782இல் இத்தீவிலேயே இறந்தார்.

1799 மே 4இல் கோட்டை வீழ்ந்து திப்பு மாண்டபின், ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி குடியேறியதும் இதே மாளிகையில்தான். தம்மவர் தோற்ற காட்சியை நாள்தோறும் அவர் எவ்வாறு கடந்து சென்றாரோ!