அடிபட்ட மனமும் எம்.டி.எம்.ஏ. மாத்திரையும்

கணவனிடம் ஆண்டுக்கணக்கில் அடிவாங்கிய பெண்ணுக்கு, அந்த வீட்டை விட்டு வந்த பிறகும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் உடல் நடுங்கலாம். பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) எனப்படும் இந்நிலைக்கு எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளே மருந்து என்ற பேச்சு சில ஆண்டுகளாகப் பலமாக அடிபடுகிறது.

நம்பிக்கை: மாத்திரை போட்டால் பழைய நினைவு அழிந்துவிடும்.

உண்மை: எதுவும் அழியாது. நினைத்தாலே எழும் பயம் சில மணி நேரம் தணிகிறது. அந்த நேரத்தில் பேசுவதுதான் சிகிச்சை. அமெரிக்க ஆய்வுகளில் மருந்து கொடுத்தது சுமார் ஒரு மாத இடைவெளியில் மூன்றே முறை. ஒவ்வொரு முறையும் எட்டு மணி நேரம், கூடவே இரண்டு சிகிச்சையாளர்கள். மருந்தில்லாத பேச்சு அமர்வுகளோ பன்னிரண்டு. எம்.டி.எம்.ஏ. என்ற பெயரில் பார்ட்டியில் கைமாறும் எக்ஸ்டஸியும் இதுவும் ஒன்றல்ல. அதில் என்ன கலந்திருக்கிறது என்பதே விழுங்குபவருக்குத் தெரியாது.

நம்பிக்கை: இது போர்வீரர்களுக்கான வைத்தியம்.

உண்மை: பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களை மட்டுமே வைத்து மாட்ரிட்டில் 2000இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அரசியல் அழுத்தத்தால் 2002இல் நின்றபோது ஆறு பெண்களுக்குத்தான் சிகிச்சை நடந்திருந்தது. பின்னர் வந்த அமெரிக்க ஆய்வுகளிலும் பெரும்பாலோர் பெண்களே.

நம்பிக்கை: அமெரிக்கா அங்கீகரித்துவிட்டது.

உண்மை: இல்லை. 2023இல் வெளியான எம்.டி.எம்.ஏ. ஆய்வில் 104 பேர் பங்கேற்றார்கள். எம்.டி.எம்.ஏ. பெற்றவர்களில் 71 சதவீதத்தினருக்கு, முடிவில் பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. வெற்று மாத்திரையோடு அதே பேச்சு சிகிச்சை பெற்றவர்களிலும் 48 சதவீதத்தினர் அந்த நிலையை எட்டினார்கள். என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது எண்தான் பெரிய செய்தி. தமக்குக் கிடைத்தது எது என்பதைப் பெரும்பாலோர் சரியாக ஊகித்துவிட்டதும் சிக்கல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஆகஸ்டில், அனுமதி கேட்ட விண்ணப்பத்தை ஏற்க மறுத்து, இன்னொரு ஆய்வு கேட்டது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதை எழுதித்தரலாம்.

நம்பிக்கை: சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்தால் பயமில்லை.

உண்மை: என் கவலையே இங்குதான். இம்மருந்து எதிரில் இருப்பவரை நம்பவைக்கிறது. நம்பியவனிடமே அடிபட்டவளுக்கு அது மனம் திறக்க உதவும். 'வேண்டாம்' என்று சொல்லும் வலுவையும் அதுவே குறைக்கும். கனடாவில் 2015இல் ஆய்வுக்கு வந்த ஒரு பெண்ணைச் சிகிச்சையாளர் இருவரும் அழுத்திப் பிடிப்பதும், அவரோடு ஒட்டிப் படுப்பதும் வீடியோவில் பதிவாகியிருக்கின்றன. அவர்களில் ஒருவர் பின்னர் அந்தப் பெண்ணோடு பாலுறவு கொண்டார். அந்த மையத்தின் தரவுகளைப் பயன்படுத்திய மூன்று கட்டுரைகளை ஓர் ஆய்விதழ் 2024இல் திரும்பப் பெற்றது.

நம்பிக்கை: இனி பழைய மருந்துகள் வேண்டாம்.

உண்மை: செர்ட்ராலின் போன்றவை பி.டி.எஸ்.டி.க்கு அங்கீகாரம் பெற்ற மருந்துகள். அவை எம்.டி.எம்.ஏ.யின் விளைவை மழுங்கடிக்கும் என்பதால் ஆய்வுகளில் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக நிறுத்தினார்கள். செய்தியைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்துவது ஆபத்து. எம்.டி.எம்.ஏ. ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கூட்டும். இதயநோய் உள்ளவர்கள் நெருங்கவே கூடாது.