கண்டுபிடித்தவன் உடையவன் ஆவானோ?



ஒருவன் நம் வீட்டுத் திண்ணையில் ஏறி, "இந்த வீட்டை நான் கண்டுபிடித்தேன், ஆகையால் இது என்னுடையது" என்றால் நகைப்போம். 1492-ம் வருஷத்துக்குப் பின் அமெரிக்காவில் இறங்கிய ஸ்பெயின் தேசத்தார் ஏறக்குறைய அப்படியே சொன்னார்கள். அங்கே குடியிருந்தோரின் நிலத்தைப் பறித்தார்கள். சுரங்கங்களில் கட்டாய வேலை வாங்கினார்கள்.

1511-ல், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய ஞாயிறன்று, இஸ்பானியோலா தீவில் சாமிநாதர் சபைக் குரு அந்தோனியோ தே மோந்தேசினோஸ் இக்கொடுமையைக் கண்டித்துப் பிரசங்கித்தார். அதே சபையின் பிரான்சிஸ்கோ தே விதோரியா, சலமான்கா சர்வகலாசாலையில் வேதசாஸ்திரம் போதித்தவர், 1539-ல் மாணாக்கர் முன் இவ்விஷயத்தை ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவுகளின் சாரம் இது:

கேள்வி: ஸ்பானியர் வருமுன் அந்நிலத்துக்கு உடையவர் யார்?

விடை: அங்கே வாழ்ந்தவர்களே. பாவமோ அவிசுவாசமோ ஒருவனுடைய சொத்துரிமையை அழிக்காது.

கேள்வி: கண்டுபிடித்ததால் உரிமை வராதா?

விடை: உடையவன் இல்லாத பொருளுக்கே அது செல்லும். அவர்கள் கப்பலேறி ஸ்பெயினைக் கண்டிருந்தால், ஸ்பெயின் அவர்களுடையதாகுமோ?

கேள்வி: 1493-ல் பாப்பரசர் அத்தேசங்களை ஸ்பெயின் அரசருக்கு அளித்தாரே?

விடை: பாப்பரசர் உலகம் முழுவதற்கும் லௌகீக அதிபதி அல்ல. தமக்கில்லாததைப் பிறருக்குக் கொடுக்க இயலாது.

கேள்வி: வேதத்தை ஏற்காதவர்மேல் யுத்தம் செய்யலாமா?

விடை: அதற்காகச் செய்யலாகாது. விசுவாசம் மனச்சம்மதத்தால் வருவது.

உலகமெல்லாம் ஒரே சமுதாயம் போன்றது, அதன் பொது நியாயத்துக்கு எந்த இராச்சியமும் கட்டுப்பட்டதே என்றும் விதோரியா போதித்தார். பிற்காலத்தில் ஒல்லாந்து தேசத்து ஹியூகோ குரோஷியஸும் இவரை எடுத்துக்காட்டினார். சர்வதேசச் சட்டத்தின் அஸ்திவாரக் கற்களில் இது ஒன்று.

ஆனால் உண்மையை மறைக்கலாகாது. பிரயாணத்தையும் வியாபாரத்தையும் வேதபோதகத்தையும் தடுத்தால் யுத்தம் நியாயமாகலாம் என்று விதோரியாவே ஒரு வாசலைத் திறந்து வைத்தார். வல்லவர்கள் அதன் வழியே நுழைந்தார்கள். 1539 நவம்பரில் ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி இவ்விஷயத்தைப் பேசவே கூடாதென்று அந்த மடத்துக்கு எழுதினார். பறிப்பும் நிற்கவில்லை. கண்டுபிடிப்பால் உரிமை என்னும் கொள்கையை வத்திக்கான் வெளிப்படையாகத் தள்ளியது 2023-ல்தான்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப்பின் பிள்ளைகளோடு இதைப் பேசுங்கள். அடுத்தவன் வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டு, "கேட்பார் இல்லை" என்று நாமும் இருக்கிறோமா? கேட்பார் இல்லாததால் அது நியாயமாகிவிடாது. கேட்கத் துணிந்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் வேண்டும்.